நெல்லையில் இருந்தபடியே ஹெல்த் ஐ.டி. வேலைக்குத் தயாராவது எப்படி

பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. சுவாலஜி, மைக்ரோபயாலஜி, நர்சிங், பி.சி.ஏ. என்று வருடாவருடம் எத்தனையோ பிள்ளைகள் முடித்து வெளியே வருகிறார்கள். வந்த கையோடு யாராவது ஒருவர் "மெடிக்கல் கோடிங் படி, மூணு மாசத்துல வேலை" என்று சொல்லிவிடுகிறார். அது என்ன வேலை என்று சொல்கிறவருக்கும் முழுசாகத் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது, பணம் மட்டும் கட்டியாகிவிடும். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் சொந்த வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே ஹெல்த் ஐ.டி., அதாவது மருத்துவத் தகவலைக் கம்ப்யூட்டரில் கையாளுகிற துறைக்கு எவ்வளவு தூரம் தயாராகலாம், எதையெல்லாம் காசில்லாமல் படிக்கலாம், எந்த இடத்தில் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கம்ப்யூட்டர்

இந்தத் துறைக்கு வந்து திணறுகிறவர்களில் பலருக்குக் கம்ப்யூட்டர் நன்றாகவே தெரியும். ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வீடு திரும்புகிற வரைக்கும் அவரைப் பற்றிய தகவல் யார் யார் கைக்குப் போகிறது என்பதுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எந்தக் கோர்ஸும் வேண்டாம். நம் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாத மாதம் உண்டா? ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ வண்ணார்பேட்டையில் ஏதாவது தனியார் மருத்துவமனைக்கோ போகும்போது, காத்திருக்கிற நேரத்தில் செல்போனைப் பையில் வைத்துவிட்டுக் கவனியுங்கள்.

பதிவு கவுண்டரில் பெயர், வயது, போன் நம்பர் கேட்டு நோயாளிக்கு ஒரு எண் போடுகிறார்கள். ஓ.பி. டாக்டர் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். லேபில் சாம்பிள் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், மெஷினில் வருகிற முடிவு ஒரு சாஃப்ட்வேருக்குள் போகிறது, அங்கிருந்து நேராக டாக்டர் திரைக்கு வருகிறது, இல்லையென்றால் அச்சடித்த தாளாக நம் கையில் வந்து டாக்டரிடம் போகிறது. அட்மிஷன் என்றால் கேஸ் ஷீட் திறக்கிறார்கள். நர்ஸ் எழுதும் காய்ச்சல், பி.பி. சார்ட், வார்டிலிருந்து மருந்து கேட்டு ஃபார்மசிக்குப் போகும் இன்டென்ட் சீட்டு, ஆபரேஷன் என்றால் சம்மதப் படிவம், மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு எல்லாம் அதில் சேரும். இன்னொரு பக்கம் காப்பீட்டு கவுண்டர் தனி உலகம். முதலமைச்சர் காப்பீடோ தனியார் பாலிசியோ, சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்க வேண்டும், அவர்கள் சந்தேகம் கேட்டால் பதில் அனுப்ப வேண்டும், கடைசியில் பில் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபின் அந்தக் கேஸ் ஷீட் எம்.ஆர்.டி. என்று எல்லோரும் சொல்கிற மெடிக்கல் ரெக்கார்டு பிரிவுக்குப் போய்ச் சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தாள்களை வரிசைப்படுத்தி, கையெழுத்து விட்டுப்போன இடம், கடைசி டயக்னோசிஸ் எழுதாத சம்மரி இதையெல்லாம் பொறுக்கியெடுத்து டாக்டரிடம் திருப்பி அனுப்புவார்.

இதை ஒரு தாளில் படமாக வரைந்துவிடுங்கள். எந்த இடத்தில் யார் எழுதுகிறார், ஒரே தகவலை எத்தனை பேர் திரும்பத் திரும்ப டைப் செய்கிறார்கள், எந்த இடத்தில் தப்பு நடக்க வாய்ப்பு அதிகம் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இருக்கும்போதே துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு ஏதாவது மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யில் கோடை விடுமுறையில் இருந்து பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சம்பளம் கேட்காதீர்கள், ஃபைல் அடுக்கச் சொன்னால் அடுக்குங்கள். முந்நூறு கேஸ் ஷீட்டைப் புரட்டிய கைக்கு அப்புறம் எந்தச் சாஃப்ட்வேரும் அந்நியமாகத் தெரியாது.

எந்த வாசல் வழியாக நுழைவது

ஹெல்த் ஐ.டி. என்பது ஒரே வேலை இல்லை. உங்கள் படிப்புக்கும் குணத்துக்கும் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

உயிரியல் படித்தவர்கள், பார்மசி, பிசியோதெரபி முடித்தவர்கள் பெரும்பாலும் நுழைவது மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட்டுத் தரும் வேலை. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதற்காகச் சென்னைக்குத்தான் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள். இதற்குப் பக்கத்திலேயே ஏ.ஆர். காலிங் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பணம் தராத காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும், அமெரிக்க நேரம் என்பதால் ராத்திரி வேலை. கோடிங் என்று சொல்லிக் கூப்பிட்டு காலிங்கில் உட்கார வைப்பதும் நடக்கிறது, அதனால் எந்த வேலை, எந்த ஷிஃப்ட் என்று ஆஃபர் லெட்டரில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நர்சிங் முடித்து சில வருடம் வார்டில் நின்றவர்களுக்கு நான் கோடிங்கைவிட வேறொன்றைச் சொல்வேன். மருத்துவமனை சாஃப்ட்வேரை நிறுவி, டாக்டருக்கும் நர்சுக்கும் சொல்லிக்கொடுத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவர்களிடம் எடுத்துச் சொல்கிற வேலை. இம்ப்ளிமென்டேஷன் என்றும் கிளினிக்கல் அனலிஸ்ட் என்றும் சொல்வார்கள். இதில் வார்டு அனுபவத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ராத்திரி ட்யூட்டியில் முப்பது நோயாளியைப் பார்த்துக்கொண்டு ஒரு நர்சால் எத்தனை பெட்டியில் டிக் அடிக்க முடியும் என்பதை, அந்த ட்யூட்டியைப் பார்த்த ஒருவரால்தான் அடித்துச் சொல்ல முடியும்.

பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் என்றால் ஒரு சாஃப்ட்வேரும் இன்னொன்றும் பேசிக்கொள்ள வைக்கிற இன்டகிரேஷன் வேலை, அல்லது டேட்டா வேலை. பேப்பரோடு நெருங்கி இருக்கப் பிடிக்கும், ஊர்ப்பக்கமே வேலை வேண்டும் என்றால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ். வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் இந்தப் பயிற்சிக்குப் பழைய பெயர் பெற்ற இடங்கள். மருத்துவக் கல்வித் துறை வருடாவருடம் விடுகிற துணை மருத்துவப் படிப்பு அறிவிப்பிலும் ரெக்கார்ட்ஸ் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் அப்பால் அரசுப் பொதுச் சுகாதாரப் பக்கமும் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி, காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய் போன்றவற்றில் டேட்டா பார்க்கும் ஒப்பந்த வேலைகள் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வரும், அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் இருக்கும்.

மருத்துவச் சொற்கள்

எந்த வாசலாக இருந்தாலும் இது இல்லாமல் நடக்காது. மனப்பாடம் செய்யாதீர்கள், பிரித்துப் படியுங்கள். கோலிசிஸ்டெக்டமி என்று பார்த்ததும் மலைக்க வேண்டாம். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. முடிவில் ஐட்டிஸ் வந்தால் அழற்சி, ஆஸ்டமி வந்தால் வழி திறந்துவிடுவது, ஹைப்பர் என்றால் மிகுதி, ஹைப்போ என்றால் குறைவு. இப்படி இருநூறு துண்டுகள் தெரிந்தால் போதும், ஆயிரக்கணக்கான சொற்கள் தானாகத் திறக்கும். உடற்கூறு, உடலியங்கியல் இரண்டுக்கும் நர்சிங் முதலாண்டுப் பாடப்புத்தகம் தாராளம். தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படவே தேவையில்லை. முதல் மாதம் மட்டும் ஒரு நோட்டில் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் தமிழில் அர்த்தத்தையும் எழுதிவாருங்கள், அப்புறம் அந்த நோட்டைத் தேட மாட்டீர்கள்.

சுருக்கெழுத்துகளில் மட்டும் எச்சரிக்கை. எம்.ஐ. என்று எழுதியிருந்தால் அது மாரடைப்பா, இதயத்தின் மைட்ரல் வால்வு ஒழுகுவதா என்பது சுற்றியுள்ள வரிகளைப் படித்தால்தான் தெரியும். ஊகித்து எழுதிவிடக் கூடாது, கேட்க வேண்டும்.

கோடிங்கை எப்படிப் பழகுவது

ஐ.சி.டி. என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. பத்தாம் பதிப்புதான் இன்னும் பெரும்பாலான இடங்களில் புழக்கம், பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். அமெரிக்கா பத்தாம் பதிப்பை விரித்து ஐ.சி.டி.-10-சி.எம். என்று தனியாக வைத்திருக்கிறது, 2015 அக்டோபரிலிருந்து அங்கே அதுதான். அதன் அட்டவணையும் விதிமுறைத் தொகுப்பும் அந்நாட்டு அரசு தளத்தில் இலவசம். சிகிச்சை முறைகளுக்கான சி.பி.டி. குறியீடு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து, அது மட்டும் காசு.

பயிற்சியை நம் ஊர் நோய்களிலிருந்து தொடங்குங்கள். கோடை வந்தால் தெருவுக்கு இரண்டு பேர் கல் என்று படுக்கிறார்கள். சிறுநீரகத்துக்குள் கல் என்றால் என்20.0 (ஆங்கில எழுத்து N), கீழே இறங்கிக் குழாயில் நின்றால் என்20.1, இரண்டிலும் என்றால் என்20.2. ஆக, ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்காமல் கோடு, அதாவது குறியீடு, போட முடியாது என்று முதல் நாளே புரிந்துவிடும். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் ஏ75.3. டைப் 2 சுகர் என்றால் ஈ11, ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். சுகர் இருக்கிறவருக்குச் சிறுநீரகமும் நாள்பட்டுப் பழுதாகியிருந்தால், டாக்டர் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதாத வரை, அமெரிக்க விதி தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்போது ஈ11.22, கூடவே எந்தக் கட்டம் என்று சொல்ல என்18 வரிசையில் ஒன்று.

விதிமுறைத் தொகுப்பு நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. நீங்கள் தொடுங்கள், அதில்தான் கோடர் பிறக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஓ.பி.யில் வந்தவருக்கு டாக்டர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதினால் நிமோனியா கோடு போடக் கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறிக்குத்தான் கோடு. அதே ஆள் படுக்கையில் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டாக்டர் "இருக்கலாம்" என்றே முடித்திருந்தால் உறுதியானது போலவே கோடு போட வேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். ஓ.பி.யில் ஒரு சந்தேகத்தை நோயாகப் பதிந்துவிட்டால் அந்த மனிதரின் பதிவில் இல்லாத நோய் ஒன்று ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். உள்நோயாளிக்கோ, அந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் ஆஸ்பத்திரி அத்தனை பரிசோதனையும் மருந்தும் கொடுத்திருக்கிறது. எழுதாத ஒன்றுக்குக் கோடு கிடையாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை, அதை ஒருபோதும் மீறாதீர்கள்.

சான்றிதழ் என்றால் சி.பி.சி. தேர்வைத்தான் கம்பெனிகள் அதிகம் கேட்கின்றன. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு நடத்துவது. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, புத்தகத்தைத் திறந்து பார்த்தே எழுதலாம். புத்தகம் கையில் இருந்தும் நிறையப் பேர் கோட்டைவிடுவதற்குக் காரணம் நேரம்தான். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோய்க் குறியீடு அக்டோபரிலும் சி.பி.டி. ஜனவரியிலும் வருடாவருடம் மாறும், அதனால் சீனியரிடம் கிடைக்கும் பழைய புத்தகம் பழகுவதற்குச் சரி, தேர்வுக்கு ஆகாது. அனுபவம் இல்லாமல் தேறினால் பட்டத்தின் பின்னால் பயிற்சி நிலை என்று காட்ட ஒரு ஏ சேர்ந்து வரும், வேலை அனுபவம் காட்டினால் அது போய்விடும். என் கருத்து, செலவு பெரிது என்பதால் இதை வேலைக்குச் சேர்ந்தபின் எழுதுவதே நல்லது. சான்றிதழ் இல்லாதவர்களையும் எடுத்துப் பழக்குகிற கம்பெனிகள் இருக்கின்றன, கட்டணத்தைத் திருப்பித் தருகிற கம்பெனிகளும் இருக்கின்றன.

எளிய குறிப்புகளை இப்போது சாஃப்ட்வேரே படித்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டது, எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற ஒரே மாதிரி வருகிற ரிப்போர்ட்டுகளில் அது சுலபம். ஆகவே இதையே ஆயுள் முழுக்கச் செய்யலாம் என்று எண்ணாமல், சிக்கலான உள்நோயாளிக் கேஸ், தணிக்கை, டாக்டர்களிடம் ஆவணம் பற்றிக் கேள்வி கேட்கும் வேலை என்று மேலே ஏறுகிற வழியை முதல் வருடத்திலேயே பார்த்துவையுங்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் போகிறவர்களுக்கு

புரோகிராமிங் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், நம் நாட்டில் இனிமேல் ஆள் தேவைப்படப்போவது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தொடங்கியது. நோயாளிக்கு ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் தருகிறார்கள், அம்பாசமுத்திரத்தில் எடுத்த பரிசோதனை முடிவை அவர் ஒப்புதல் கொடுத்தால் பாளையங்கோட்டை டாக்டர் திரையில் பார்க்கலாம் என்பது நோக்கம். இது நடக்க ஒவ்வொரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரும் ஒரே மொழியில் பேச வேண்டும். அந்த மொழிதான் ஃபயர் (FHIR) என்று உச்சரிக்கப்படும் தரநிலை. நோயாளி, வருகை, பரிசோதனை முடிவு, நோய், மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக ஜேசன் வடிவில் எழுதுவது, அவ்வளவுதான். வெப் டெவலப்மென்ட் தெரிந்தவருக்கு ஒரு வாரத்தில் அடிப்படை பிடிபடும். அதற்கு முந்தைய எச்.எல்.7 இரண்டாம் பதிப்பு, செங்குத்துக் கோடுகளால் பிரித்த பழைய பாணிச் செய்தி, இன்னும் உலகம் முழுக்க லேப் மெஷின்களுக்கும் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்மிஷனுக்கு ஏ01, டிஸ்சார்ஜுக்கு ஏ03 என்ற அளவிலாவது அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் செய்து பார்க்க எல்லாமே இலவசமாக இருக்கிறது. சிந்தியா என்ற திறந்த மென்பொருள் நிஜத்தில் இல்லாத நோயாளிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கித் தரும். அந்தத் தகவலைப் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் ஏற்றி, எஸ்.க்யூ.எல்.லில் கேள்வி கேட்டுப் பழகுங்கள். சுகர் இருந்தும் ஆறு மாதமாக எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சுகர்) பார்க்காதவர்கள் யார்? ஒரே மாதத்தில் இரண்டு முறை அட்மிட் ஆனவர்கள் யார்? இந்த மாதிரிக் கேள்விக்கு நீங்களே எழுதிய குவெரி பத்து இருந்தால், பத்து சான்றிதழைவிட அது பேசும். ஹாப்பி ஃபயர் என்ற திறந்த சர்வரை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டி, ஒரு நோயாளியைப் பதிந்து, அவருக்கு ஒரு ஹீமோகுளோபின் முடிவைச் சேர்த்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பு லாயிங்க் (LOINC), அதில் ஹீமோகுளோபினுக்குக் குறியீடு 718-7, எச்.பி.ஏ.1.சி.க்கு 4548-4. முழு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஓப்பன் எம்.ஆர்.எஸ்., பாம்னி இரண்டும் இருக்கின்றன, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் டைகாம் வடிவத்துக்கு ஆர்தங்க். நோய்ச் சொற்களுக்கான ஸ்னோமெட் சி.டி.யை இந்தியாவில் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், புனே சி-டாக்கில் உள்ள தேசிய மையத்தில் பதிவு செய்தால் போதும்.

அடுத்ததாக டிஜிட்டல் மிஷனின் சாண்ட்பாக்ஸை, அதாவது சாஃப்ட்வேரை இணைத்துச் சோதித்துப் பார்க்கிற தளத்தைப் பாருங்கள். அதில் மூன்று கட்டம். முதலாவது ஆபா எண் உருவாக்கிச் சரிபார்ப்பது, இரண்டாவது ஆஸ்பத்திரியில் உள்ள ஆவணத்தை நோயாளியின் ஆபாவோடு இணைத்துத் தருவது, மூன்றாவது ஒப்புதல் பெற்று வேறு இடத்து ஆவணத்தை வாங்கிக் காட்டுவது. ஆவணங்களைப் படித்து, சிறிய லேப் ஒன்றுக்கு முதல் கட்டத்தை எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு மாதிரி செய்து கிட்ஹப்பில் போட்டால், ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டே வேலை கேட்க உங்களிடம் ஒரு அத்தாட்சி இருக்கும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி வந்து உட்கார்ந்தபின் சாஃப்ட்வேர் எழுத ஊரைவிட்டுத்தான் போக வேண்டும் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை, ஹெல்த் சாஃப்ட்வேருக்கும் அதுதான்.

பரிசோதனை முடிவில் அளவு அலகைக் கவனிக்காமல் விடாதீர்கள். ரத்தச் சர்க்கரையை நாம் மில்லிகிராமில் பார்க்கிறோம், பல நாடுகளில் மில்லிமோலில் பார்க்கிறார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதினெட்டு மடங்கு. அங்கே 5.5 என்றால் நமக்கு 99. அலகு இல்லாமல் எண்ணை மட்டும் அனுப்புகிற சாஃப்ட்வேர் ஆளையே கொன்றுவிடும்.

பெயரும் வயதும்

நம் பக்கத்தில் மட்டும் கற்றுக்கொள்ளக் கிடைக்கிற பாடம் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் ஓ.பி.யில் மூன்று இசக்கியம்மாள், நான்கு மாரியப்பன், இரண்டு சுடலைமுத்து வருவார்கள். இசக்கியை ஆங்கிலத்தில் எழுதும்போது கவுண்டரில் இருக்கிற ஒரு தங்கச்சி ஐ போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் ஈ போடுவார், பேச்சியம்மாளில் நடுவே ஒரு டி வரலாம், வராமலும் இருக்கலாம். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். வயசைக் கேட்டால் ஆச்சி "எழுவது இருக்கும்" என்பார்கள், ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும். போன் நம்பர் மகனுடையது, அதே நம்பரில் அந்த வீட்டில் ஐந்து பேர். இப்படியாக ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நோயாளி எண் உருவாகிவிடும், பென்சிலின் ஒவ்வாமை ஒரு எண்ணில் எழுதியிருக்கும், இன்றைக்குத் திறந்தது வேறு எண். இதைவிட ஆபத்தானது இரண்டு இசக்கியம்மாளின் பதிவும் ஒன்றாகக் கலந்துவிடுவது.

பதிவு செய்கிற வேலை கிடைத்தால் பெயரை மட்டும் வைத்து ஒருபோதும் தேடாதீர்கள். பெயர், ஊர், அப்பா அல்லது கணவர் பெயர், போன் நம்பர் இதில் இரண்டு மூன்றாவது பொருந்த வேண்டும். "நீங்க சேரன்மகாதேவி மாரியப்பனா?" என்று கேட்கக் கூடாது, பாதிப் பேர் காது கேட்காமலேயே தலையாட்டிவிடுவார்கள். "பேரு சொல்லுங்க அண்ணாச்சி, எந்த ஊரு?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். சாஃப்ட்வேர் எழுதுகிறவர் என்றால், ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும் தேடலை எழுதிப் பாருங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதியவர்கள் நம் பெயர்களை யோசித்திருக்க மாட்டார்கள்.

வாயைக் கட்டுவது

நோயாளியின் ரகசியத்தைக் காப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைக்கிறேன். அமெரிக்க வேலைக்கு, நோயாளி தகவலைக் காக்கும் ஹிப்பா என்ற 1996ஆம் வருடச் சட்டம் உண்டு, நமக்கு 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவது பற்றி 2017இலேயே தனிச் சட்டம் உண்டு. சட்டத்தைப் படித்துவிடலாம். ஊரில் இருந்துகொண்டு அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தெருவில் ஒரு சித்தி பிடித்துக்கொள்வார்கள்: "ஏம்மா, நீ அந்த ஆஸ்பத்திரியிலதான வேல பாக்க, அந்தப் பையனுக்குச் சுகர் எதுவும் இருக்கான்னு பாத்துச் சொல்லு, நம்ம பிள்ளைக்குப் பேசிக்கிட்டு இருக்கோம்." கேட்பதில் கெட்ட எண்ணம் இல்லை, தன் மகள் நல்லா இருக்கணும் என்ற கவலைதான். ஆனாலும் பார்க்கக் கூடாது, சொல்லக் கூடாது. "இல்ல சித்தி, அதை நாங்க திறந்தாலே யாரு திறந்தான்னு பதிவாகும், வேலை போயிடும்" என்று சொல்லுங்கள், நல்ல சாஃப்ட்வேரில் அது உண்மையும்கூட. பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுப்பது, ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவது, பயிற்சிக்கு என்று நிஜ நோயாளியின் கேஸ் ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவருவது, இதில் ஒன்றைக்கூடப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

சித்த மருத்துவம் படித்தவர்களுக்கு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கும் அந்தச் சொற்களை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு புது இடம் திறந்திருக்கிறது. ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளத்தில் சித்த நோய்ப் பெயர்களுக்குத் தனிக் குறியீடுகள் இருக்கின்றன, 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்குமான பகுதியை வெளியிட்டது. நம் பட்டியலில் உள்ள ஒரு வளி (வாத) நோயை அந்தப் பகுதியில் எங்கே பொருத்துவது, நவீன மருத்துவக் குறியீட்டில் எதை இணையாக வைப்பது என்பதைச் சொல்ல சித்தமும் தெரிய வேண்டும், குறியீட்டு முறையும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. சித்த மருத்துவர் ஒருவர் மூன்று மாதம் ஸ்னோமெட்டும் ஐ.சி.டி.-11உம் படித்தால் அவருக்குப் போட்டியாக நிற்க அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

இவ்வளவுக்கும் பிறகு ஒரு இன்ஸ்டிடியூட் வேண்டும் என்று தோன்றினால் போய்ச் சேருங்கள், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது நல்லதுதான். ஆனால் கேளுங்கள். பாடம் எடுப்பவர் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை பார்த்தார்? இந்த வருடப் புத்தகமா? பெயர் நீக்கிய மாதிரிக் கேஸ் குறிப்புகள் எத்தனை தருவார்கள்? போன பேட்சில் முடித்த மூன்று பேரிடம் பேச முடியுமா? நூறு சதவீத வேலை என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள், பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரே நாளில் முழுப் பணத்தையும் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்கான தேர்வில் புதியவர்களிடம் பெரும்பாலும் உடற்கூறும் மருத்துவச் சொற்களும்தான் கேட்பார்கள், சில இடங்களில் ஒரு சின்னக் குறிப்பைக் கொடுத்துக் கோடு போடச் சொல்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அந்தக் கோடு எங்கே தேடினால் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் வேலை என்றால் நீங்கள் செய்த மாதிரியைத் திரையில் ஓட்டிக் காட்டுங்கள். சேரும்போது ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை வருடக் கட்டுப்பாடு, நடுவில் விலகினால் எவ்வளவு கேட்பார்கள் என்று பாருங்கள். அசல் மார்க் ஷீட்டையும் டிகிரியையும் தங்களிடமே வைத்துக்கொள்வோம் என்றால் சம்மதிக்காதீர்கள். நகல் கொடுங்கள், சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், அங்கேயே நின்று திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.